ரோடு ஒரு ஆபீஸ், சாக்கடை இன்னொரு ஆபீஸ்: கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து வருஷம் ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். அப்புறம் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஊரில் சிமென்ட், பெயின்ட் கடை வைத்தேன். ஊர் பெயர் வேண்டாம். கடை மெயின் ரோட்டு மேல் இருப்பதால், ரோட்டில் என்ன கோளாறு என்றாலும் "அண்ணே, இதை யாரிடம் சொல்வது?" என்று கேட்டுக்கொண்டு நாலு பேர் வந்துவிடுகிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

நம் வீட்டு முன்னால் போகிற ரோடு யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்பு என்றால் பெரும்பாலும் மாவட்டச் சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. கல்லே இல்லாத தெரு என்றால் நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சியுடையதாக இருக்கும்.

ஆனால் கல்லை மட்டும் நம்ப வேண்டாம். ரோடு கைமாறி வருஷக்கணக்கில் ஆகியும் பழைய வண்ணத்திலேயே நிற்கிற கல் உண்டு. போஸ்டருக்கு அடியில் ஒளிந்திருக்கிற கல்லும் உண்டு. சந்தேகம் என்றால் நெடுஞ்சாலைத் துறை உதவி கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் சாலைப் பட்டியலைக் கேளுங்கள். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை தங்களுடையது என்று அதில் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சட்டத்தில் பெரிய குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் ரோட்டில்தான்.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் தேசிய நெடுஞ்சாலை ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கிறது. மற்ற சாலைகளும் பாலங்களும் மாநிலப் பட்டியலில். 1992-ல் வந்த 74-வது திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று அது சொல்லும் வேலைகளில் சாலைகளும் பாலங்களும் உண்டு, தெருவிளக்கு, பஸ் நிறுத்தம், வண்டி நிறுத்துமிடமும் உண்டு. ஊராட்சிகளுக்கு இதேபோல் பதினோராவது அட்டவணை. இதில் 'கொடுக்கலாம்' என்பதுதான் கவனிக்க வேண்டிய சொல். கொடுப்பது மாநிலத்தின் கையில் இருக்கிறது.

தேசிய நெடுஞ்சாலைக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டின் மற்ற நெடுஞ்சாலைகளுக்கு 2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். நகராட்சித் தெருக்களுக்கு 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். இது கால் நூற்றாண்டு கிடப்பில் கிடந்து, 2023-ல் விதிகள் வந்த பிறகுதான் நடைமுறைக்கு வந்தது.

ஊருக்குள் போகிற நெடுஞ்சாலைக்கு வரைபடம் போடுவது யார்?

எல்லாத் தகராறும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மாநிலச் சாலை, மாவட்டச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்கள் படம் போடுவார்கள். கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்குப் போகும் 183-ஆம் எண் மாதிரித் தேசிய நெடுஞ்சாலை என்றால் விதிமுறையும் பணமும் டெல்லியுடையது. பல இடங்களில் மாநிலத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவுதான் எஸ்டிமேட் போடும். பெரிய வேலையை தேசிய நெடுஞ்சாலை ஆணையம் எடுத்துக்கொள்ளும். எதுவானாலும் நகராட்சிப் பொறியாளர் படம் போடும் மேஜையில் இல்லை.

ஆனால் ரோடு என்பது தார் மட்டும் இல்லையே. கடை வாசலிலிருந்து எதிர்க்கடை வாசல் வரை பாருங்கள். நடுவில் தார். அதன் ஓரத்தில் மண். அடுத்து சாக்கடை, சாக்கடை மேல் சிலாப், சிலாப் மேல் டீக்கடை பெஞ்ச். மேலே தெருவிளக்கு, மின்கம்பம். கீழே குடிநீர்க் குழாய். தார் நெடுஞ்சாலைத் துறை. மின்கம்பம் மின்வாரியம். விளக்கும் குழாயும் நகராட்சி. சாக்கடையைக் கட்டுவது சில இடத்தில் நெடுஞ்சாலைத் துறை, தூர் வாருவது நகராட்சி. பஸ் நிழற்குடை யார் நிதியில் வந்ததோ, அதில் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவருடையது.

ஒருமுறை எங்கள் தெருமுனை வேலைக்கான குறுக்குவெட்டுப் படத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினேன். அழகான படம். தாரின் அகலம், அடியில் ஜல்லியின் கனம், நடுவிலிருந்து ஓரத்துக்கு எவ்வளவு சரிவு, எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் இருந்தது. தாருக்கு அந்தப் பக்கம் 'மண் ஓரம்' என்று ஒரு வார்த்தை. அதோடு கோடு நின்றுவிட்டது. என் கடை அதற்கப்புறம் ஆறடியில் இருக்கிறது. அந்த ஆறடி படத்தில் வெறும் வெள்ளைத்தாள்.

நகராட்சியில் போய்க் கேட்டேன். அவர்களிடம் சாக்கடைக்கு ஒரு படம் இருந்தது. அதில் ரோடு இல்லை.

என்னைக் கேட்டால், இந்த ரோடு மாநிலத்துக்கா நகராட்சிக்கா என்று சண்டை போடுவதைவிட, சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஒரே படம் போடு, இரண்டு பேரும் அதில் கையெழுத்துப் போடு என்று கேட்பதுதான் உருப்படியான வழி. யார் பணம் போட்டாலும் சரி.

ரோடு போட்டதும் மழைத்தண்ணி கடைக்குள் வருகிறது. யார் தப்பு?

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டார்கள். இரண்டு முறை இப்படிப் போட்டதில் ரோடு அரை அடி ஏறிவிட்டது. என் கடைப் படி மூன்று இருந்தது, இரண்டாகிவிட்டது. ஐப்பசி மழையில் முதல் நாளே பதினோரு மூட்டை சிமென்ட் கல்லாகப் போனது. ரோட்டு ஆபீஸில், "தண்ணி போகாதது சாக்கடைப் பிரச்சினை, நகராட்சியில் சொல்லுங்கள்" என்றார்கள். நகராட்சியில், "சாக்கடை மட்டம் பழைய மட்டம்தான், ரோட்டை உயர்த்தியவர்களிடம் கேளுங்கள்" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல்.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், வீடுகளுக்குள் தண்ணீர் போகும்படி மட்டத்தை உயர்த்தக் கூடாது என்று உத்தரவிட்டார். துறைக்காரர்கள் இதை மில்லிங் என்பார்கள். உங்கள் ஊரில் வேலை ஆரம்பிக்கும்போது சுரண்டும் எந்திரம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராமல் தார் லாரி மட்டும் வந்தால் அன்றைக்கே பேசுங்கள். மறுநாள் பேசிப் பிரயோஜனம் இல்லை.

நெடுஞ்சாலைத் துறைக்காரர் ஊருக்குள் ஏன் ஊர்த்தெரு மாதிரி ரோடு போடுவதில்லை?

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்று ஒன்று இருக்கிறது, 1934-ல் தொடங்கியது. கட்சி இல்லை, பொறியாளர்கள் அமைப்பு. நாட்டில் ரோட்டுக்கு விதிப் புத்தகம் எழுதுவது அவர்கள்தான். ஊருக்கு வெளியே போகும் சாலையின் வளைவு, அகலம், சரிவுக்கு 73-ஆம் எண் புத்தகம். நகரச் சாலைக்கு 86-ஆம் எண். நடந்து போகிறவர்களுக்கு 103.

1980-ல் வந்த 73-ஆம் எண் புத்தகம், சமவெளியில் தேசிய, மாநில நெடுஞ்சாலைக்கு மணிக்கு 100 கி.மீ. வேகத்தைக் கணக்கில் வைத்து வளைவு போடச் சொன்னது. வாழைத் தோப்புக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவில் போகும்போது அது சரி. அதே கை ஊருக்குள் வந்ததும் பள்ளிக்கூட வாசலில் அப்படியே வரைந்துவிடுகிறது. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும், விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று 103 சொல்கிறது. வயதானவர்கள் ஏறி இறங்கும் உயரம் அதுதான். நம் ஊர்ச் சிலாப்புகளில் ஏற வேட்டியை மடித்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

புத்தகம் இல்லாமல் இல்லை. ரோட்டுக்கு என்ன பெயரோ அதற்கேற்ற புத்தகத்தைத் திறக்கிறார்கள், ரோடு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துத் திறப்பதில்லை. இது என் அபிப்பிராயம். துறையில் இருக்கும் நண்பர் ஒருவர், "நான் நடைபாதை சேர்த்து எஸ்டிமேட் போட்டால் முதலில் வெட்டுவது அதைத்தான்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பைபாஸ் வந்துவிட்டதே, ஊருக்குள் இருக்கும் பழைய ரோடு இனி நகராட்சிக்குத்தானே?

தானாக வராது. பைபாஸ் திறந்ததும் பழைய பகுதியை ஒருமுறை செப்பனிட்டு மாநிலத்திடம் ஒப்படைப்பதுதான் ஒன்றிய அரசின் வழக்கம். மாநிலம் அதை நெடுஞ்சாலைத் துறையிடமே வைத்துக்கொள்ளலாம், நகராட்சிக்கும் கொடுக்கலாம். இதற்கு அரசாணை வேண்டும், நகர்மன்றத் தீர்மானமும் வேண்டும்.

இந்தச் சமயத்தை விட்டுவிடக் கூடாது என்பேன். லாரி வெளியே போய்விட்டது. பழைய ரோட்டில் இனி டவுன்பஸ், ஆட்டோ, பைக், சந்தைக்கு வருகிறவர்கள். அகலத்தை மறுபடி பங்கு போட இதைவிட நல்ல நேரம் வராது. ஆனால் நடப்பது என்ன? 'ஒருமுறை செப்பனிடுவது' என்றால் மேலே ஒரு கோட் தார். லாரிக்காக வரைந்த ரோடு லாரி இல்லாமல் அப்படியே கிடக்கிறது, பைக்காரர்கள் அதில் பறக்கிறார்கள்.

எல்லா ரோட்டையும் நகராட்சியே எடுத்துக்கொண்டால் பிரச்சினை தீராதா?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் ஆள் பலம். நெடுஞ்சாலைத் துறை 1946-லிருந்து தனித் துறை. உதவிப் பொறியாளரிலிருந்து தலைமைப் பொறியாளர் வரை ரோடு ஒன்றையே வேலையாகச் செய்கிறவர்கள். சென்னை கிண்டியில் அவர்களுக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சின்ன நகராட்சியில் ஒரு பொறியாளர், சில ஓவர்சியர்கள். குடிநீர், குப்பை, கட்டட அனுமதி, வரி வசூல் கூட்டம் எல்லாம் அவர்கள் தலையில்தான். இதில் எங்கே படம் போடுவது?

அடுத்து பணம். ரோடு வரும், அதைப் பராமரிக்கும் பணம் கூடவே வராது.

மூன்றாவது, ரோட்டின் பெயரை மாற்றுவது எதற்கெல்லாம் பயன்படும் என்று 2017-ல் பார்த்தோம். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. அந்த வழக்கே தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். உடனே பல மாநிலங்களுக்குத் திடீரென்று உள்ளாட்சி மேல் பாசம் வந்துவிட்டது. ஊருக்குள் போகும் நெடுஞ்சாலைகளை நகரச் சாலை என்று பெயர் மாற்றத் தொடங்கினார்கள். நம் மாநிலத்திலும் சாலைகளை எடுத்துக்கொள்ளத் தீர்மானம் போடச் சொல்லி உள்ளாட்சிகளுக்குக் கடிதம் போனது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக, அப்படிப் பெயர் மாற்றும் சாலைகளில் கடை திறக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. பின்னர் அந்த ஆண்டு ஜூலையில், நகர எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்குத் தன் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கியது.

அந்த ஆறேழு மாதமும் ரோட்டின் நிர்வாகத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஒருவராவது நடைபாதையைப் பற்றிப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

வேகத்தடையை நகராட்சி போடலாமா?

தன் தெருவில் போடலாம். நெடுஞ்சாலையில் அந்தத் துறைதான் போட வேண்டும். அளவு உண்டு: 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், வெள்ளைக் கோடு, முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை. விபத்து நடந்த இரவில் ஊரே கூடி சிமென்டைக் கொட்டிக் கட்டும் மேடு வேகத்தடை இல்லை. அடுத்த விபத்துக்கு அதுவே காரணமாகிவிடும். அந்த சிமென்ட் என் கடையிலிருந்து போயிருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

ஏலத்தோட்ட ஜீப் நிற்கும் இடத்துக்கு யார் பொறுப்பு?

இதைக் கேட்டது தினமும் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் ஒரு அக்கா.

விடிவதற்கு முன் எங்கள் முக்கில் நின்று பாருங்கள். தூக்குவாளியும் பையுமாக முப்பது, நாற்பது பெண்கள். சாக்கடை மூடி உடைந்திருப்பதால் ஓரத்தில் நிற்க முடியாது, தார் மேல்தான் நிற்கிறார்கள். ஜீப் வந்து ரோட்டுக்குள்ளேயே நிற்கும். பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும். அந்த இடத்தில் தெருவிளக்கு இல்லை, இருபதடி தள்ளி இருக்கிறது. ஏனென்றால் மின்கம்பம் அங்கேதான் இருந்தது. ஒரு கையை ஜீப் கம்பியில் வைத்து, ஒரு காலைச் சாக்கடை விளிம்பில் ஊன்றித்தான் ஏறுகிறார்கள். மழைக்காலத்தில் அந்த விளிம்பு பாசி பிடித்திருக்கும்.

பதில் இதுதான்: யாருக்கும் பொறுப்பு இல்லை. பஸ் நிறுத்தமாக இருந்தால் நகராட்சிப் பட்டியலில் வரும். இது பஸ் நிறுத்தம் இல்லை. ரோட்டு எஸ்டிமேட்டில் வாகனக் கணக்கெடுப்பு இருக்கும். அதில் ஜீப் ஒரு வண்டியாகக் கணக்காகும், அதில் ஏறுகிறவர்கள் கணக்காக மாட்டார்கள். ஆனால் கேட்டு வாங்கலாம். ரோட்டை ஒட்டி மூன்று ஜீப் ஒதுங்கும் அளவு இடம், நல்ல சிலாப், ஒரு விளக்கு. தாருக்கு மனு நெடுஞ்சாலைத் துறைக்கு, விளக்குக்கும் சிலாப்புக்கும் நகராட்சிக்கு. இரண்டிலும் ஒரே படத்தை வரைந்து இணையுங்கள்.

மேலே குமுளியில் எப்படி?

லோயர்கேம்ப் தாண்டி, மலை ஏறி, எல்லையைக் கடந்தால் அதே 183-ஆம் எண் ரோடுதான், ஆபீஸ்தான் வேறு. நம் பக்கம் நெடுஞ்சாலைத் துறை தனி. அங்கே சாலையும் கட்டடமும் பொதுமராமத்துத் துறையில் சேர்ந்தே இருக்கின்றன. குமுளி கிராமப் பஞ்சாயத்துதான், ஆனால் கேரளத்துப் பஞ்சாயத்தை நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி நினைக்காதீர்கள். 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்துக்குப் பிறகு பணமும் வேலையும் நிறையவே கீழே இறங்கின. உள்ளாட்சித் துறைக்கென்று அங்கே தனிப் பொறியியல் பிரிவு இருக்கிறது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. 2021 கடைசியில் அங்கே பொதுமராமத்துச் சாலைகளில் பலகை வைக்கத் தொடங்கினார்கள். இந்த ரோடு எந்தத் தேதி வரை காண்ட்ராக்டரின் பொறுப்பு, யார் அவர், எந்தப் பொறியாளர், போன் நம்பர் என்ன, எல்லாம் அதில் இருக்கும். அதற்காக அங்கே தகராறே இல்லை என்று சொல்லமாட்டேன். சபரிமலை சீசனில் குமுளி டவுனில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும், நடைபாதைக்கு அங்கேயும் அதே கதிதான்.

மலைப்பாதையை அகலமாக்கச் சொல்லி எந்த அரசிடம் கேட்பது?

எல்லை வரை தமிழ்நாடு, அப்புறம் கேரளம். ஆனால் இரண்டு பக்கமும் வனத்துறை என்று மூன்றாவது ஆள் உண்டு. காட்டு நிலத்தில் ஒரு வளைவை அகலப்படுத்தவும் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும்.

ரோட்டின் அமைப்பே விபத்துக்குக் காரணம் என்றால் வழக்குப் போட முடியுமா?

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவு இருக்கிறது. சாலையை வடிவமைத்த, கட்டிய, பராமரிக்கும் அதிகாரியோ காண்ட்ராக்டரோ ஆலோசகரோ தரவிதியைக் கடைப்பிடிக்காமல், அதனால் சாவோ ஊனமோ ஏற்பட்டால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிரிவு நல்ல பிரிவு. ஆனால் தார் ஒருவர், சாக்கடை ஒருவர், விளக்கு ஒருவர் என்றால் அந்த 'அதிகாரி' யார்? மறுபடி வெள்ளைத்தாளில் வந்து நிற்கிறோம்.

அதே சட்டத்தின் 210டி பிரிவு, தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளுக்கு வடிவமைப்பு விதிகளை மாநில அரசே வகுக்கலாம் என்கிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், இந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தினமும் உடைந்த எலும்பைச் சேர்த்து வைக்கிறவர் ஒருவர்தான் ரோட்டை முதலில் சரி செய் என்று கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது, பாருங்கள்.

நகராட்சித் தெருவில் எல்லாம் ஏன் பேவர் பிளாக்?

ரோலர், தார் பிளான்ட் எதுவும் வேண்டாம், குழாய்க்குத் தோண்டினால் எடுத்துத் திருப்பிப் பதிக்கலாம் என்பார்கள். திருப்பிப் பதித்து நான் பார்த்ததில்லை.

சரி, எப்போது, யாரிடம் கேட்டால் நடக்கும்?

தார் போடும் அன்று ரோட்டில் உட்கார்ந்தால் போட்டோ வரும், ரோடு மாறாது. எஸ்டிமேட் போடும் முன்பே கேட்க வேண்டும். அளவுக் கருவியை முக்காலியில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் ரோட்டோரம் நிற்பதைப் பார்த்தால் அதுதான் நேரம். டீ வாங்கிக் கொடுத்து என்ன வேலை என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

குழிக்கு நெடுஞ்சாலைத் துறையின் 'நம்ம சாலை' செயலி இருக்கிறது. அந்தத் துறைச் சாலைகளுக்கு மட்டும்தான். வடிவத்தை மாற்றக் கேட்பதற்குக் கலெக்டர் தலைமையில் நடக்கும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுதான் சரியான இடம். போலீஸ், போக்குவரத்து, நெடுஞ்சாலை என்று எல்லாத் துறையும் ஒரே அறையில் உட்கார்வது அங்கேதான். 500 மீட்டருக்குள் மூன்று வருஷத்தில் சாவோ பலத்த காயமோ உண்டான விபத்து ஐந்து, அல்லது பத்துச் சாவு என்றால் அது விபத்துப் பகுதி என்று கணக்கு. அப்படி இருந்தால் மனுவில் முதல் வரியிலேயே எழுதுங்கள். வார்டு பகுதி சபையிலும் தீர்மானம் கேளுங்கள்.

படம் வேண்டுமென்றால் தகவல் உரிமை மனு, பத்து ரூபாய், முப்பது நாள். 'சாலை விவரம் தருக' என்று கேட்காதீர்கள், நீளமும் தொகையும் மட்டும் வரும். 'குறுக்குவெட்டு வரைபடத்தின் நகல்' என்று கேளுங்கள்.

நான் குமுளிப் பக்கம் குடியிருக்கிறேன். மனுவை மலையாளத்தில்தான் எழுத வேண்டுமா?

வேண்டாம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் தங்கள் பகுதி அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுத உரிமை தருகிறது. இடுக்கியில் நம் ஆட்கள் இருக்கும் பகுதிகளில் தமிழ் தெரிந்த குமாஸ்தா ஒருவராவது இருப்பார். படத்தை மட்டும் தெளிவாக வரைந்து வையுங்கள், சுவரிலிருந்து சுவர் வரை.